கட்டுத்துணியும் பச்சைக் கேக்கும்

சீழ் நாற்றத்தில் பல வகை உண்டு என்பது டோருனுக்குத் தெரியும். ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதல்ல, பிழைப்பு அப்படி. புண்ணிலிருந்து கழற்றிய கட்டுத்துணியைப் பிழிந்து, அந்த நீரில் கிடக்கும் புரதத் துணுக்குகளைப் பார்ப்பதுதான் லுண்ட் நகர ஆய்வகமொன்றில் அவள் வேலை. ஒவ்வொரு கிருமியும் புரதத்தை ஒவ்வொரு இடத்தில் வெட்டும். துண்டுகளைப் பார்த்தே புண்ணை அரிப்பது எது என்று சொல்லிவிடலாம். குமட்டல் மட்டும் எத்தனை வருடமானாலும் நிற்காது.

அன்று வந்தது சிக்ஸ்டனின் கட்டு. கிழவரின் காலில் ஒரு வருடமாக ஆறாத புண். அதில் இரண்டு கிருமிகள் வளர்ந்தன. அரிப்பது எது என்று தெரியாமல் கொடுத்த மருந்து வீணாகிவிட்டது. மறுநாள் வேறு மருந்து தொடங்க வேண்டும். அதுவும் தவறினால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கட்டு வந்த கையோடு அதைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணிக்குள்ளும் வெட்டு தொடரும். புண்ணில் வெட்டுப்பட்டது எது, மேசையில் வெட்டுப்பட்டது எது என்று பிரிக்க முடியாது. ஆனால் அது காப்பி வேளை. ஆய்வகத் தலைவர் ஸ்டெல்லனுக்குப் பிறந்தநாள் வேறு. வீடு பற்றி எரிந்தாலும் அந்த ஊரில் காப்பி மேசையை விட்டு யாரும் பாதியில் எழ மாட்டார்கள். பையை வாங்கிய ஸ்டெல்லன் அதைக் கழுவுதொட்டி ஓரம் போட்டுவிட்டு, மார்சிபான் என்ற பச்சைப் பாதாம் பசை போர்த்திய கேக்கை வெட்டப் போனார்.

கோப்பை கழுவப் போன டோருன்தான் பார்த்தாள். வெயிலில் பை உப்பியிருந்தது. துணியெல்லாம் பச்சைக் கறை, கேக்கின் அதே பச்சை.

"ஸ்டெல்லன், இத ஐஸ்ல வைக்கலையா?"

"அட, மறந்தே போச்சு. கொஞ்ச நேரந்தானே? மெஷின்ல ஓட்டிப் பாத்துடு. யாருக்குத் தெரியப் போகுது?" அவர் உதட்டோரம் பச்சை ஒட்டியிருந்தது.

"அந்தக் காலுக்குத் தெரியும்."

"பொறந்தநாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்காத. உன் பங்க எடுத்து வைக்கிறேன்."

கிழவருக்குக் கட்டுப் போடும் செவிலியிடம் ஃபோனில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு அவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள் டோருன். இதுவரை அவள் புண்ணீரைத்தான் பார்த்திருக்கிறாள், புண்ணுக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததில்லை.

கதவைத் திறந்ததும் அழுகிய திராட்சை நாற்றம் முகத்தில் அறைந்தது. ஊர் வழக்கப்படி வாசலில் ஷூவைக் கழற்றினாள். நாலடி வைப்பதற்குள் காலுறை நனைந்தது. தரையில் சொட்டியிருந்தது என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

"மூக்கப் பொத்திக்கம்மா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்," என்றார் சிக்ஸ்டன். "என் மவளே வாசல்ல நின்னுதான் பேசுவா."

காலையில் போட்ட கட்டு அதற்குள் ஊறியிருந்தது. உரிக்க உரிக்க நூல் நூலாக இழுத்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிப் புதுக் கட்டுப் போட்டாள். நிமிர்ந்தால், காப்பியும் ஏலக்காய் பன்னும் காத்திருந்தன. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. கிழவர் தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தின்றாள். ஒவ்வொரு வாயும் மேலே ஏறி வந்தது. காப்பியை ஊற்றிக் கீழே தள்ளினாள்.

"இன்னொண்ணு?"

பாவி மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள். "வைங்க," என்றாள்.

சாயங்காலம் இரண்டு கட்டுகளையும் ஓட்டிப் பார்த்தாள். வெயிலில் கிடந்தது ஒரு கிருமியைக் காட்டியது, பனியில் வந்தது மற்றதை. மருத்துவரைக் கூப்பிட்டு இரண்டாவதைச் சொன்னாள். ஸ்டெல்லனிடம் இரண்டு முடிவுகளையும் காட்டினாள்.

"நல்லவேளை," என்றார் அவர். அவ்வளவுதான். குளிர்பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, உன் பங்கு."

அந்தப் பச்சையைப் பார்த்ததும் டோருன் கழுவுதொட்டிக்கு ஓடி, குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள்.

"புண்ண நேர்ல பாத்தா அப்படித்தான் இருக்கும்," என்றார் ஸ்டெல்லன் பரிவோடு.

டோருன் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கால் பக்கத்துல ஒக்காந்து ரெண்டு பன்னு தின்னேன், ஸ்டெல்லன். அங்க எனக்கு வாந்தி வரல."