ஷெட்டுக்குப் போன அப்பா

படுத்துக்கொண்டே விளையாடக்கூடிய விளையாட்டு எதுவோ, அதுதான் உலகத்திலேயே சிறந்த விளையாட்டு என்று அந்த பஸ் டிரைவர் இந்த ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருந்தார்.

முதல் நாள் அவர் மலையாக இருந்தார். மகன் ஏறினான். மலைக்கு என்ன வேலை, சும்மா கிடந்தால் போதும் என்று நினைத்தது தப்பாகப் போய்விட்டது. உச்சியில் கொடி நட வேண்டும் என்று ஒரு ஸ்பூனை எடுத்து வந்து அவர் மூக்கில் நட்டான். மறுநாள் நோயாளியாக இருந்து பார்த்தார். டாக்டருக்கு வயது ஐந்து, ஊசி போடுவதில் அபார ஆர்வம். அதற்கும் மறுநாள், ராஜா தூங்குகிறார், காவல்காரன் சத்தம் போடக் கூடாது என்று ஆரம்பித்தார். காவல்காரன் சத்தம் போடவில்லைதான். ஆனால் ராஜாவின் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "உள்ளே இருக்கீங்களா?" என்று ரகசியமாகக் கேட்டான்.

டிரைவருக்கு ராத்திரி வண்டி. இருட்டிய பிறகு கிளம்பினால் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் வீடு. மற்ற வாரங்களில் பையன் பள்ளிக்கூடம் போயிருப்பான், இவர் மத்தியானம் வரைக்கும் தூங்குவார். இந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கூட வேலை பார்க்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்ததால் லீவு என்ற வார்த்தையை எடுத்தாலே முதலாளியின் முகம் சுருங்கியது. கீழ்வீட்டு அக்கா பாவம் பார்த்து ஒரு நாள் பையனை அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்திலேயே கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். தொட்டியில் இருந்த மீன்களுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறான்.

"நல்ல பையன்தான் தம்பி. ஆனா எங்க வீட்டுக்கு ஒத்துவர மாட்டான், வாலு" என்று சொல்லிவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே படி இறங்கினாள்.

வேறு வாரமாக இருந்தால் டிரைவர் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்திருப்பார். இந்த வாரம் முடியாது. டிப்போவில் பகல் வண்டி ஒன்று காலியாகப் போகிறது. ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் இவர்தான் முதல் ஆள். ஆனால் அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனாலும் எல்லோரும் கட்டுப்படுவார்கள். வரிசையில் முதலில் நிற்பவன் ஒரு மாதத்துக்கு, எந்த அவசர டூட்டிக்குக் கூப்பிட்டாலும் மறுக்கக் கூடாது. ஒரு தடவை மறுத்தாலும் நேராக வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டியதுதான். இந்த வாரத்தோடு மாதம் முடிகிறது. இதுவரை எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் போனார்.

பகல் வண்டி கிடைத்தால் ஊர் உலகம் தூங்குகிற நேரத்தில் இவரும் தூங்கலாம். மனைவியை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். இப்போது அவர்கள் வீட்டுக் கட்டிலில் ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முந்தாநாள் ராத்திரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது சாலை கொஞ்ச தூரத்துக்குக் காணாமல் போயிற்று. மறுபடி பார்த்தபோது நடுச்சாலையின் வெள்ளைக் கோடு தப்பான சக்கரத்துக்குக் கீழே இருந்தது. பின்னால் வண்டி நிறையப் பயணிகள், அத்தனை பேரும் நல்ல தூக்கம். எதிரே ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் படுத்தார். பையன் உடனே வந்து வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு என்ன விளையாட்டு என்று கேட்டான். பட்டம் விடலாமா என்றான், பந்து என்றான், அலமாரி மேலிருந்து கட்டிலுக்குக் குதிக்கலாம் என்றான். கெஞ்சி, மிரட்டி, சும்மா கண்ணை மூடிக்கொண்டு, எல்லா வித்தையும் காட்டியும் மத்தியானம் வரை நடக்கவில்லை. கடைசியில்தான் அந்த யோசனை வந்தது.

"நான் ரிப்பேரான பஸ். ஷெட்டுல நிக்கறேன். நீ மெக்கானிக்."

பையன் வயிற்றிலிருந்து இறங்கினான். அது நல்ல அறிகுறி. பஸ்ஸுக்கு என்ன ரிப்பேர் என்று கேட்டான். எல்லாமே ரிப்பேர் என்றார் அப்பா. ஷெட்டில் மெக்கானிக் முதலில் என்ன செய்வார் என்று கேட்டான்.

இங்கேதான் டிரைவர் தப்புச் செய்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷம் டிப்போவில் கிடந்த மனுஷனுக்கு அது வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவார். அட்டை தொங்குகிற வரைக்கும் அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மாட்டினவரே வந்து எடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால், அடியில் வேலை பார்க்கிறவர் மேல் சக்கரம் ஏறிவிடும்.

"டைம் கீப்பர் கேட்டாகூடவா?"

"அவர் கேட்டாலும்."

"பெரிய முதலாளி?"

"அவரே வந்தாலும் கிடையாது. அப்புறம் இன்னொண்ணு. அட்டையை மாட்டிட்டு மெக்கானிக் அங்கே இங்கே சுத்தக் கூடாது. வண்டி பக்கத்துலயேதான் இருக்கணும்."

கடைசியில் சொன்னது பையன் பால்கனிப் பக்கம் போகாமல் இருக்க. அது மட்டும் ஷெட்டில் இல்லாத சட்டம்.

பையன் அம்மாவின் சிவப்புக் கைக்குட்டையைத் தேடி எடுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் அப்பாவின் சட்டைக் காலரில் மாட்டினான். டயர் பார்க்கிறேன் என்று பாதத்தை அழுத்தினான். சுகமாக இருந்தது. எண்ணெய் விட வேண்டும் என்று முழங்காலில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றினான். அது படுக்கையில் வழிந்தது. துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது டிரைவர் பாதி தூங்கிவிட்டார். மீதியும் சீக்கிரமே தூங்கிற்று.

போன் அடித்தபோது மெக்கானிக் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டவர் டிப்போவின் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். உயரமான ஆள், எந்நேரமும் நேரத்தைப் பற்றியே பேசுவார். அதனால் டிரைவர்கள் அவருக்கு மணிக்கூண்டு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஹலோ, யாரு பேசறது?"

"மெக்கானிக்."

மணிக்கூண்டு போனைத் திருப்பி நம்பரைப் பார்த்துக்கொண்டார். நம்பர் சரிதான்.

"அப்பா எங்கே தம்பி?"

"தூங்கறாரு."

"எழுப்பு. சாயங்கால வண்டிக்கு ஆள் இல்லை, உடனே வரணும்னு சொல்லு."

"எழுப்ப முடியாது. சிவப்பு அட்டை மாட்டியிருக்கு."

"யாரு மாட்டினா?"

"நான்தான்."

"சரி, நீயே எடுத்துடு."

"வேலை முடியலையே. இன்னும் பிரேக்கே பார்க்கலை."

எத்தனையோ டிரைவர்களை வாயடைக்க வைத்த மனுஷன் அவர். தன் டிப்போ சட்டத்தையே தன்னிடம் திருப்பிச் சொல்கிற ஆளிடம் குழைந்து பேசிப் பார்த்தார். சாக்லேட் வாங்கித் தருவதாகச் சொன்னார். பெரிய முதலாளிக்கே கிடையாது என்று பதில் வந்தது. பையன் போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தபோது பையன் அதைத் துண்டில் சுற்றி, எட்டுகிற தூரத்தில் இருந்த அழுக்குத் துணிக் கூடைக்குள் திணித்தான்.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். படிக்கட்டில் கீழ்வீட்டு அக்கா நிறுத்தி, மேலே சத்தமே காணோமே, எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க என்று கேட்டாள். அதுவரை வலித்த காலை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தவள் மிச்சப் படிகளை ஓட்டமாக ஏறினாள். அந்த வீட்டில் சத்தம் இல்லை என்றால் கத்தரிக்கோல், இல்லாவிட்டால் தண்ணீர்க்குழாய்.

கதவைத் திறந்தாள். புருஷன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அவர் கால்மாட்டில் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நிக்கர் நனைந்து, கட்டில் விரிப்பிலும் ஈரம்.

"மெக்கானிக் வண்டியை விட்டுட்டுப் போகக் கூடாதாம்" என்று மெதுவாகச் சொன்னான். "ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தேன்மா."

அவள் கைப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை முதல் நின்றே வேலை பார்த்த உடம்பு, கோபப்படக்கூடத் தெம்பில்லை. பக்கத்தில் வரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டாள். வர மாட்டேன் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னான். போன் வந்ததைச் சொன்னபோது அவள் முகம் மாறிற்று. கூடையைக் கிளறிப் போனை எடுத்தாள். டிப்போவிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்ததைப் பார்த்ததும் புருஷனை உலுக்கினாள். பையன், அட்டை இருக்கும்மா, அட்டை இருக்கு என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

டிரைவர் எழுந்தார். ஒரு வாரமாக இல்லாத தூக்கம், கன்னத்தில் தலையணைக் கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் தூக்கம் ஒரே அடியாகப் போயிற்று.

"உன்னை யாருடா போனை எடுக்கச் சொன்னது?"

"நீதானே சொன்னே. பெரிய முதலாளி வந்தாலும் கிடையாதுன்னு."

பையனின் கீழுதடு நடுங்கியது. டிரைவர் அதைப் பார்க்காமல் யூனிஃபாரத்தைத் தேடினார். ஒரு கையை நுழைத்துக்கொண்டே டிப்போவுக்குப் போன் போட்டார்.

மணிக்கூண்டு கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாயங்கால வண்டியை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருக்கிறாராம். மறுத்ததாக இன்னும் எழுதவில்லையாம். இப்போது கிளம்பி வந்தால், போன் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவாராம். சாயங்கால வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே ராத்திரி வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

"வரலைன்னா எழுதித்தான் ஆகணும். வரிசையில உனக்கு அடுத்து நிக்கறவன் நம்ம மீசை. அவன் சும்மா விடுவானா?"

டிரைவர் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி தரையிலிருந்து எழுந்திருக்காமலே பேசினாள்.

"நேத்துக் காலையில வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம குளிக்கப் போனீங்க. நான் ஒண்ணும் கேட்கலை. இப்ப கேட்கறேன். உங்களால ஓட்ட முடியுமா?"

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"பகல் வண்டி போயிடும்டி."

"நான் அதைக் கேட்கலை."

ஒரு கை மட்டும் நுழைந்த சட்டை தோளில் தொங்கியது. ராத்திரி பார்த்த வெள்ளைக் கோடு ஞாபகம் வந்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை தடவை முடியும் என்று சொன்னார். ஒரு தடவைகூட யோசித்துச் சொல்லவில்லை. இப்போது யோசித்தார்.

"அண்ணே, எழுதிக்குங்க" என்றார் போனில். "வரலை."

"கடைசிக்குப் போயிடுவே. மறுபடி முன்னாடி வர வருஷக்கணக்காகும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் அண்ணே."

"ராத்திரி வண்டிக்கு?"

"அதுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் படுக்கறேன்."

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மணிக்கூண்டு, நம்ம ஷெட்டுல இருக்கறவனுங்க யாரும் உன் பையன் அளவுக்குக் கறார் இல்லைப்பா என்று சொல்லிவிட்டு வைத்தார். சிரிக்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று டிரைவருக்குப் புரியவில்லை.

மனைவிக்குத்தான் கணக்கு உடனே புரிந்தது. இன்னும் பல வருஷங்களுக்கு இதே கட்டில், இதே மாற்றி மாற்றித் தூக்கம், பள்ளி விடுமுறை வந்தால் இதே பாடு. நீங்கள் செய்தது சரி என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விரிப்பை உருவி எடுத்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். போகும்போதே அவன் அழ ஆரம்பித்தான். அழுகையையும் அதுவரை அடக்கித்தான் வைத்திருந்தான்.

டிரைவர் விரிப்பில்லாத மெத்தையில் படுத்தார். கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள் மீசை பகல் வண்டியில் கையை ஆட்டிக்கொண்டு போனான். புரண்டு படுத்தார். பக்கத்து வீட்டு டிவி கேட்டது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. ஒரு வாரமாகத் துரத்தித் துரத்தி வந்த தூக்கம், இதோ படுத்திருக்கிறேன் வா என்றால் வரமாட்டேன் என்கிறது.

பையன் வேறு நிக்கரோடு, ஈரத் தலையோடு வந்து நின்றான். அப்பா திட்டுவாரா என்று பார்த்தான். டிரைவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஏறிப் படுத்தான். ஒரு காலை அப்பாவின் நெஞ்சில் போட்டான், தலையை அவர் கைமேல் வைத்தான்.

"கோபமா?"

"ஆமாம்."

"என் மேலயா?"

"உன் மேல இல்லை."

யார் மேலே என்று அவன் கேட்கவில்லை. கேட்பதற்குள் தூங்கிப்போனான். டிரைவரின் கை மரத்துப்போயிற்று. எடுத்தால் முழித்துக்கொள்வான், முழித்துக்கொண்டால் அலமாரியிலிருந்து குதிப்பான் என்று அசையாமல் கிடந்தார்.

சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்துக்கொண்டே மனைவி தணிந்த குரலில் கேட்டாள், தூக்கம் வந்துச்சா என்று.

"அவனுக்கு வந்துடுச்சு" என்றார்.