மூடாத இணைப்பு

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றி நான் செய்ததும் அதுதான். பழையது கிழடு என்றாலும் விழாமல் நின்றது. புதியதோ தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நினைவகம் நிரம்பி விழுந்தது. டப்பாவைத் திறப்பேன், அலாரம் அடிக்கும்.

"பேய் புகுந்திருக்கு" என்றார் சந்தேகப்பிராணி. அவர் எங்கள் சோதனைக்காரர். நாங்கள் வைத்த அந்தப் பெயருக்குச் சண்டைக்கு வராத நல்ல மனிதர்.

நாங்கள் நடத்துவது சரக்குக் கப்பல்களைப் பற்றிச் சொல்லும் பக்கம். மாலுமிகளின் வீட்டார் அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். 'கப்பல் வந்ததா?' என்று பக்கம் கேட்கும். சர்வர் உடனே பதில் சொல்லாமல், கப்பல் வரும்வரை அந்த இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். நேரம் கடந்தால் பழைய பதிப்பு தானே அறுத்துவிடும், பக்கம் மறுபடி கேட்கும். புதிய பதிப்பு அந்தப் பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டது. நாம் முடித்து வைக்காவிட்டால், கேட்டவர் போன பிறகும் கேள்வி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்லும் குறிப்பை நான் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்?

நினைவகத்தை நகலெடுத்துத் திறந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உள்ளே தேங்கியிருந்த கேள்விகள் அத்தனையும் ஒரே கப்பலைப் பற்றியவை. மற்ற கப்பல்கள் கரை சேர, அவற்றுக்கான கேள்விகள் பதில் வாங்கிக்கொண்டு போய்விட்டன. இது போன மழைக்காலத்தில் காணாமல் போன கப்பல். தேடுவதையும் நிறுத்தியாயிற்று. அதில் இன்ஜினியராகப் போனவர் என் அத்தான்.

அக்காவின் கணக்கைத் தேடினேன். திரை திரையாக வந்தது. அவள் சமையலறையிலும், பஸ்ஸிலும், படுக்கையிலும் கேட்டவை. வேண்டாததைச் சர்வர் தானே கூட்டித் தள்ளும். ஆனால் யாராவது பிடித்துக்கொண்டிருப்பதைத் தொடாது.

கப்பல் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து செய்தி சொன்னபோது, அக்கா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு போனை நீட்டினாள். "இதுல இன்னும் 'பயணத்தில்'னுதானே போட்டிருக்கு?" பக்கத்துக்குத் தெரிந்த பதில்கள் இரண்டே இரண்டு: பயணத்தில், வந்து சேர்ந்தது. மூன்றாவதை நாங்கள் யாரும் எழுதவே இல்லை.

காத்திருக்கும் கேள்விகளைக் குறித்த நேரத்தில் முடித்து வைக்கச் சில வரிகள் எழுதினேன்.

"எல்லாருக்கும் விட்டுடாதீங்க" என்றார் சந்தேகப்பிராணி. "தெரிஞ்சவங்க ஒருத்தர் கணக்குல மட்டும் விட்டுப் பாருங்க."

"எங்க அக்கா கணக்கு இருக்கு. அதுல பார்க்கறேன்."

"முடிக்கும்போது என்ன பதில் அனுப்புறீங்க?"

"ஒண்ணும் இல்ல. வெறும் ஓகே."

அவர் முகம் மாறியது. அதற்குள் நான் பொத்தானை அழுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக்கு ஓகே என்றால் ஒரே அர்த்தம்தான்.

போன் அடித்தது. "அடியே, வந்துட்டாருடி! போட்டிருக்கான் பாரு, வந்து சேர்ந்ததுன்னு! நான் சொன்னேன்ல? ஒருத்தரும் கேக்கலையே!"

"அக்கா" என்றேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கா அத்தானின் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"கப்பல் வரலக்கா. அது நான் பண்ணின தப்பு. நான்தான் தப்பான பதிலை அனுப்பிட்டேன்."

அவள் பெட்டியை நிறுத்தவில்லை. காலரை முடித்துவிட்டுச் சட்டைக் கைக்குப் போனாள். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீயா அனுப்பினே?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளும் அதுல பேசினது நீதானா?" என் முகத்தையே பார்த்தாள். "நான் கடல்லேர்ந்து வருதுன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வரமாட்டார்னு அதுல சொல்ல முடியுமா?"

"அப்படி ஒரு பதிலே அதுல கிடையாதுக்கா."

"அப்ப எழுது."

"அக்கா..."

"வாயால சொல்லிடாதே. அதுலயே சொல்லு. நான் படிச்சுக்கறேன்."

அந்த மேசையிலேயே, சட்டையை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். நிரலில் ஒரு சொல்லைக் கூட்டுவது சின்ன வேலை. அந்தச் சொல் கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. 'கப்பல் திரும்பாது' என்று எழுதி, அவள் கணக்குக்கு மட்டும் அனுப்பினேன்.

அக்கா படித்தாள். விரலால் இன்னொரு தரம் அந்த வரியைத் தடவிப் படித்தாள். பிறகு பக்கத்தை மூடி, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

என் திரையில் அவள் கணக்கில் ஒரு கேள்விகூட இல்லை. மறுபடி கேட்பாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டுவிடு அக்கா, ஒரு தரம் கேட்டுவிடு என்று இருந்தது எனக்கு. அவள் கேட்கவில்லை.