காணப்படவில்லை

தடய ஆய்வாளர் தம் அறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிய பொருள், எழுதி முடித்த நொடியில் இல்லாமல் போனது. முதலில் போனது ஒரு கொலை நடந்த வீட்டின் குளியலறையில் கிடந்த ஒற்றைச் செருப்பு. அசதியில் தவறாக எழுதிவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஈரத் தரைதான் இருந்தது. அவர் வெலவெலத்துப் போனார். அவருடைய மேலதிகாரி பூரித்துப் போனார். வழக்குகளை மூடுவதில் மன்னர் என்பதால் அந்த அதிகாரிக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் பெரிய இடத்து வீடுகளிலிருந்து கத்திகளும் கைரேகைகளும் ஒழுங்காக மறைந்தன. முற்றுப்புள்ளிக்குப் பதக்கம் கிடைத்தது. ‘எழுத்தே நமது ஆயுதம்’ என்று மேடையில் முழங்கினார். அதை எழுதிக் கொடுத்ததும் ஆய்வாளர்தான்.

பிறகு ஒரு தையல்காரியின் மகன் காவல் நிலையத்தில் செத்துப்போனான். முற்றுப்புள்ளி சொல்லச் சொல்ல, ‘உடலில் காயங்கள் காணப்படவில்லை’ என்று ஆய்வாளர் எழுதினார். சவக்கிடங்கில் முதுகுத் தடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கி, தோல் மழமழவென்று ஆனது. மறுநாள் தையல்காரி ஆய்வாளரின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“நேத்துக் காலையில பாத்தேன் சார், முதுகு பூரா தடம். சாயந்தரம் குளிச்சிட்டு வந்தவன் மாதிரி படுத்திருக்கான். திரும்ப எழுதிக் குடுங்க.”

“செத்தவனுக்குக் காயம் எதுக்கும்மா?”

“எப்படிச் செத்தான்னு அதுதானே சார் சொல்லும்?”

அன்று முழுக்க ‘காணப்பட்டன’ என்று எழுதிப் பார்த்தார். ஒரு கீறல்கூடத் திரும்பவில்லை. கடைசியில், பொய்யை அழித்தால் மெய் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, ‘மேற்படி அறிக்கை காணப்படவில்லை’ என்று எழுதினார். அறிக்கை போயிற்று. அதில் எழுதியிருந்த உடலும் கூடவே போயிற்று. முற்றுப்புள்ளி அவர் தோளில் தட்டினார். “பலே ஆளுய்யா நீ! எனக்கே தோணல பாரு.”

ஆய்வாளர் தையல்காரியின் வீட்டுக்குப் போய், தம்மால் இனி முடிந்தது ஒன்றுதான், வேண்டுமானால் அவள் துக்கத்தையும் ‘காணப்படவில்லை’ என்று எழுதிவிடலாம் என்றார். அவள் துணி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தாள்.

“பேனாவத் தொட்டே, விரல நறுக்கிருவேன். எம்புள்ளைக்கு மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

அந்த வாரமே தையல் மெஷினைக் காவல் நிலைய வாசலில் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகன் கதையைச் சொன்னாள். முற்றுப்புள்ளி எழுதச் சொன்னார். ஆய்வாளர் அரசாங்க ஊழியர், எழுதினார். அவள் மறைந்தாள், மெஷினும் மறைந்தது. மெஷின் ஓடும் சத்தமும் அவள் பேச்சும் மட்டும் நிற்கவில்லை. ‘கேட்கப்படவில்லை’ என்று எழுத அறிக்கையில் இடம் கிடையாது. இப்போது வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தை விட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.