மூவாயிரத்துக்கு மேலே ஒன்று

மூவாயிரம் ரூபாய். மகள் மாரீஸ்வரியின் பரீட்சைக் கட்டணத்துக்காக லியோங் சேட்டின் சம்சாரம் லியோங் அம்மாவிடம் வாங்கினது. பழைய கடனை வைத்துக்கொண்டு புது வருஷத்துக்குள் நுழையக் கூடாது என்பது சீனாக்காரர்களான அவர்களின் வழக்கம். அதனால் அவர்களுடைய வருஷப் பிறப்புக்கு முந்தின சாயங்காலம், சிவப்புக் கவரில் பணத்தைப் போட்டு, நாற்பது வயதுக்குமேல் படித்த எழுத்தில் ‘இசக்கிதுரை’ என்று என் பேரை மேலே எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

லியோங் சேட்டுக்குத் தாராவியில் செருப்புப் பட்டறை. அவர் அப்பா கல்கத்தாவிலிருந்து வந்து போட்டது. தோல்கட்டு சுமக்கிற எங்களோடு பழகி, புருசனும் பெண்டாட்டியும் திருநெல்வேலித் தமிழ்தான் பேசுவார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. வருஷம் சுத்தமாகப் பிறந்தால் அம்மா தப்பித்துவிடுவார் என்று சேட் நம்பினார். வாசலில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வருகிற அதிர்ஷ்டத்தைப் பெருக்கித் தள்ளிவிடும், அறுத்துவிடும் என்று துடைப்பத்தையும் கத்தியையும் கண்ணில் படாமல் ஒளித்திருந்தார். மேஜையில் முழு மீன். டொராண்டோவில் இருக்கிற மகனுக்கும் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்.

“தம்பி வரலியா சேட்?”

“லீவு இல்லயாம். போன்ல மூஞ்சியக் காட்டுதான். மூஞ்சி வந்து சோறு திங்குமால?”

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் கவரைக் கொடுத்தேன். அவர் அதைச் சேட்டிடம் நீட்ட, நோட்டை உருவும்போது ஒரு நாணயம் போர்வைமேல் விழுந்தது.

“இது என்னல?”

“மொட்டையா தரக் கூடாதுல்லா சேட். மொய் மாதிரி ஒத்த ரூபா சேத்து வச்சேன்.”

சேட்டின் முகம் செத்துப்போனது. குரலைத் தாழ்த்தி, “எங்கள்ல ஒத்தப்படையில குடுக்கது எழவு வீட்டுக்குல” என்றார்.

இன்னொரு ரூபாய் சேர்த்தால் இரட்டைப்படை ஆகிவிடும் என்று சட்டைப்பையைத் துழாவினேன். சில்லறை இல்லை. அம்மா அந்த நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள்ல எதுக்குல அந்த ஒத்த ரூபா?”

“உறவு அந்துரக் கூடாதுன்னு வைக்கதும்மா. நாங்க வச்சா நீங்க ஒருநாள் திருப்பி வைப்பீங்க. அப்படியே போய்க்கிட்டிருக்கும்.”

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

“நான் எப்பல திருப்பி வைப்பேன்?”

“அப்படியெல்லாம் பேசாத” என்றார் சேட்.

“எடுத்துக்கோ” என்று அம்மா நாணயத்தை என்னிடம் நீட்டினார். “மூவாயிரம் வாங்குன, மூவாயிரம் தந்துட்ட. தீந்துது.”

எங்கள் ஊரில் மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் இனி வீட்டுப் பக்கம் வராதே என்று அர்த்தம். இருந்தும் கையை நீட்டினேன். நாணயத்தை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அவரே மடக்கினார். அந்த விரல்களில் சூடே இல்லை. சேட் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மீனில் ஒரு துண்டை முள் எடுத்து, மகனுடைய கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.