பாரா மாறிய மத்தியானம்

ஓய்வுபெற்ற ஏட்டு இசக்கிப்பாண்டியின் வீட்டுக் கம்ப்யூட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தூங்காமல் முழித்துக்கொண்டிருந்தது, தென்காசி மார்க்கெட்டில் பல்லாரி வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய்க்கு இறங்கிய வாரத்தில். அவர் ஊரான குத்துக்கல்வலசையில் முதலில் பேசப்பட்டது பல்லாரியைப் பற்றித்தான். கம்ப்யூட்டர், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆனந்தவள்ளி புதுசு வாங்கியதும் அப்பாவுக்கு அனுப்பி வைத்த பழசு. ஏட்டையாவுக்கு அதில் இரண்டே வேலை. ஒன்று, பேரன் முகத்தைப் பார்ப்பது. இன்னொன்று, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போடுவது. சும்மா விட்டால் சற்று நேரத்தில் திரை தானாக இருண்டு பெட்டியும் தூங்கிவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். பெங்களூரில் அது ஒழுங்காகத் தூங்கிய பிள்ளைதான். இங்கே வந்த நாள் முதல் கண்ணை மூடவில்லை. பட்டனை அமுக்கி அணைத்தால், ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி திறந்துகொள்ளும். கரண்டே இல்லாமல் எரிந்த அந்த வெளிச்சம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போனது. அங்கே குமரகுருவின் கோழிகள் ஒரு நாளைக்கு இரண்டு முட்டை இட்டன. பிச்சிக்கொடி காலையிலேயே பூத்தது. குமரகுரு ஒன்றும் புகார் சொல்லவில்லை.

இசக்கிப்பாண்டியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். படுத்தால் தூங்குவார், சைக்கிள் மிதித்துக்கொண்டே தூங்குவார், மேலதிகாரி திட்டும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார் என்று ஸ்டேஷனில் அவரைக் கேலி செய்வார்கள். பாராவில் மட்டும் அவர் தூங்கியதில்லை. பாரா என்றால் ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்பது. நேரம் முடிந்தது என்று நடையைக் கட்டிவிட முடியாது. மாற்றுகிற ஆள் எதிரில் வந்து விறைப்பாக நின்று, "பாரா மாறுது" என்று சொல்லித் துப்பாக்கியைக் கையில் வாங்க வேண்டும். ஆள் வராவிட்டால் விடிந்தாலும் நிற்க வேண்டியதுதான். சர்வீஸ் முழுக்க ஏட்டையா ஒரு தடவைகூட ஆள் மாறாமல் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அந்தப் பெருமையைக் கல்யாண வீடுகளில் பந்தி முடிகிற வரைக்கும் சொல்லுவார்.

கஷ்டம் அவர் மனைவி ஆவுடைத்தாய்க்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சுகர் ஏறியது. கை நடுங்கித் தோசை வட்டமாக விழாமல் போயிற்று. தூக்கம் இல்லையோ என்று டாக்டரம்மா நிர்மலாதேவி மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆவுடைத்தாய் மாத்திரையை விழுங்கினாள், அவளுக்குப் பதிலாக வாசலில் கிடந்த நாய் மூன்று நாள் எழுந்திரிக்கவில்லை. டாக்டரம்மா ஏட்டையாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இவங்க தூங்கியே ஆகணும். இப்படியே போனா இதயம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். கத்தியோடு வந்த ரவுடிக்கு முன்னால் வராத பயம் அன்றைக்கு இசக்கிப்பாண்டிக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அந்தச் சனியன் பிடித்த பெட்டிதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

மகள் போனில் சொன்னதையெல்லாம் செய்தார். எத்தனை நிமிஷத்தில் தூங்க வேண்டும் என்று செட்டிங்கில் மாற்றினார். மவுசு அசைந்தால் முழிக்கும் என்றாள், மவுசைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நெட்டைத் துண்டித்தார். பழைய வழக்கத்தில், சின்னக் கம்பை மேஜையில் தட்டி விசாரித்தும் பார்த்தார். கடைசியில், இதுவும் பாராவில் நிற்கிறதோ என்னவோ என்று தோன்றி, திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று "பாரா மாறுது" என்று சல்யூட் அடித்தார். கம்ப்யூட்டர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகம்மது ரபீக் வீட்டுக்கே வந்து பார்த்தார். தாடி நரைத்த, அவசரமே படாத மனுஷர். "அண்ணாச்சி, இது தன்னால முழிச்சிருக்காது. உள்ள ஏதாவது ஒண்ணு 'எனக்கு வேலை முடியல, நீயும் தூங்காதே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அது எதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்திட்டா எல்லாம் தூங்கிரும்" என்றார். உள்ளே தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக ஏற்றினார். அது புதுசாக முழித்துக்கொண்டிருந்தது. சரி, கடையில் வைத்துப் பார்ப்போம் என்று ஆட்டோவில் ஏற்றினார்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் திரை இருண்டது. கடையில் ஒரு வாரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது. திரும்பக் கொண்டுவந்தபோது, தெருமுனை திரும்பியதும் ஆட்டோவுக்குள்ளேயே வெளிச்சம் வந்துவிட்டது. "மெஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி. ஒங்க வீட்லதான் ஏதோ முழிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, ரபீக் காசு வாங்காமல் போனார்.

போலீஸ்காரருக்கு அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். முதலில் தன்னையே சந்தேகப்பட்டார். குற்றாலத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிக் குளித்துவிட்டு வந்தார். அது தூங்கவே இல்லை என்றாள் ஆவுடைத்தாய். அடுத்து அவளை, நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று வீரகேரளம்புதூரில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருந்தது. கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. இசக்கிப்பாண்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி நடந்தார். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

தங்கச்சி வீட்டு அடுக்களையில் ஆவுடைத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, உண்மையைச் சொல்லு. நீ எம்புட்டு நாளாத் தூங்கல?" என்று கேட்டார். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமான மூணாம் மாசத்திலிருந்து என்றாள். முதல் தடவையாக அவர் ராத்திரிப் பாராவுக்குப் போன நாள். "வெளிய பூட்டிக்கிட்டுப் போகாம என் கையில சாவியக் குடுத்திய. 'முழிச்சிரு, வந்துருதேன்'னு சொன்னிய. வந்திய, சாப்பிட்டிய, படுத்திய. என்னைத் தூங்குன்னு நீங்க சொல்லல." அதிலிருந்து கண்ணை மூடிப் படுத்திருப்பாளே தவிர, ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. பிள்ளை பெற்ற அன்றும் கிடையாது. அவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அப்போது உடம்பு தாங்கியது, இப்போது தாங்கவில்லை, அவ்வளவுதான். பாவம் கம்ப்யூட்டர், வந்ததிலிருந்து அதுதான் கூட இருக்கிறது என்றாள்.

"இதுக்குப் போயி ஒருத்தர் சொல்லணுமாட்டி? தூங்க வேண்டியதுதானே?"

"ஆள் மாத்தாம நீங்க என்னைக்காவது பாராவ விட்டு வந்திருக்கியளா?"

இசக்கிப்பாண்டியும் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்து உருவினார்.

மறுநாள் மத்தியானம் இருவரும் குத்துக்கல்வலசை வந்து சேர்ந்தபோது வெயிலோடு சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் வாசல்படியில் கால் வைத்ததும் உள்ளே கம்ப்யூட்டர் கண் திறந்தது. அவர் அறைக்குள் போய்ப் பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்தார். வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை. பூட்டாமலே போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "என்ன கோலம் இது?" என்று ஆவுடைத்தாய் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் எதிரே வந்து விறைப்பாக நின்று குதிகாலைச் சேர்த்து, சல்யூட் அடித்தார். "பாரா மாறுது" என்றார். சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த வாசல் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். சாவி சூடாக இருந்தது. கட்டிலுக்குப் போகிற வழியிலேயே அவள் கண் சொருகிவிட்டது, ஏட்டையா தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தார். கம்ப்யூட்டரின் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்று, திரை இருண்டது. குமரகுருவின் கோழிகள் பட்டப்பகலில் கூட்டுக்குள் ஏறின.

அவள் அந்தக் குற்றாலச் சீசன் முழுக்கத் தூங்கினாள். அருவியில் கூட்டம் குறைந்தது, ஐப்பசி மழை வந்தது, இலஞ்சி வயல்களில் நடவு முடிந்தது, அவள் எழவில்லை. பசித்தால் தூக்கத்திலேயே வாயைத் திறப்பாள், ஏட்டையா கஞ்சி ஊட்டுவார். டாக்டரம்மா மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, சுகர் நன்றாக இறங்கியிருக்கிறது, யாரும் எழுப்ப வேண்டாம் என்றார். தெருவில் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்கள். ஆனந்தவள்ளி வந்து அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போனாள். இசக்கிப்பாண்டி கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் தூங்குவதில்லை. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறார். எப்போதாவது அவர் தலை சாய்ந்தால் கம்ப்யூட்டர் லேசாக வெளிச்சம் காட்டும், அவர் நிமிர்ந்ததும் அணைந்துகொள்ளும்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்தாள். நாற்காலியில் அவரைப் பார்த்தாள்.

"இன்னுமா முழிச்சிருக்கிய?"

"பாராவுல இருக்கேன். நீ தூங்குட்டி."

அவள் சரி என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.