இருநூற்றுப் பதினாலரைப் பெண்கள்

அறிக்கையில் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கை இருநூற்றுப் பதினாலரை என்று அச்சாகிவிட்டதால், யாராவது ஒருத்தி பாதியாக வேண்டியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை அது. வருஷா வருஷம் நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுவார்கள். மரம் நட்டது, தண்ணீரை மிச்சம் பிடித்தது, பெண்களுக்கு இடம் கொடுத்தது எல்லாம் பளபளவென்று படத்தோடு வரும். அந்த அரை எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி அச்சடிக்கவும் வழியில்லை, காகிதத்தை வீணாக்க மாட்டோம் என்று ஏழாம் பக்கத்தில் உறுதிமொழி இருந்தது. காகிதத்தைத் திருத்துவதைவிட ஆளைத் திருத்துவது பூமிக்கு நல்லது என்று முடிவானது.

அந்த ஒருத்தி ஞானசவுந்தரி. தையல் பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருப்பவள். மார்ச் மாதம் எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, நிறுவனத்தோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பதிலுக்கு ஐந்து வட்டங்கள். கடைசி வட்டத்தை நிரப்புங்கள் என்று சூப்பர்வைசர் சொல்ல, எல்லோரும் நிரப்பினார்கள். சவுந்தரி மட்டும் கேள்வியைப் படித்தாள். கழிவறைக்குப் போனால் கடிகாரம் பார்ப்பவர்களை நினைத்துக்கொண்டு நடு வட்டத்தை நிரப்பினாள்.

ஹெச்.ஆர். அதிகாரி நிவேதன் அவளைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினான்.

“நீங்களே பாதின்னு குறிச்சிருக்கீங்கக்கா. வேற யாரையும் கேக்க என்கிட்ட ஆதாரம் இல்ல.”

“அது மனசு சார். ஆளு முழுசாத்தான் வந்துகினு கீறேன். முழுசா எழுதுங்க.”

அடுத்த வருஷ அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். அதுவரை இடப்பாதி மட்டும் உள்ளே வந்தால் போதும், கஷ்டமே இருக்காது என்று தண்ணீரும் கொடுத்தான். சவுந்தரி தண்ணீரைத் தொடவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவளைத் திட்டியிருக்கிறார்கள், நிற்க வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைத்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கேட்டில் காவலாளி அன்வர் பாய், பலகையில் ஒட்டியிருந்த அறிக்கையைப் பார்த்தார். பலகையில் உள்ளபடிதான் ஆளை விடுவார், அவர் வேலை அது. சவுந்தரியின் வலப்பாதியை வாங்கிக்கொண்டு, கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பதுபோல ஒரு டோக்கன் கொடுத்தார். இடப்பாதி உள்ளே போய் இடக்கால் செருப்புகளைத் தைத்தது. வலப்பாதி புங்க மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தது. பேச்சு இரண்டுக்கும் இருந்தது, வலப்பாதிக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

வலப்பாதி எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் எந்த விதியும் அதைத் தொடவில்லை. வேண்டியபோது எழுந்தது, வேண்டியபோது கழிவறைக்குப் போனது, சூப்பர்வைசரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. டீயை ஆற அமரக் குடித்தது. சாப்பாட்டு வேளையில் ஜன்னல் வழியாக எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் பக்கத்து மிஷின் ஷமீமா தன் வலப்பாதியை நீட்டி, எனக்கும் ஒரு டோக்கன் என்றாள். ஒருவருக்குத் தரும் வசதியை எவருக்கும் மறுக்க மாட்டோம் என்று பதினோராம் பக்கத்தில் இருந்ததால் அன்வர் பாய் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பெஞ்சுகள் போதாமல் பாய்கள் விரிக்க வேண்டியதாயிற்று. உள்ளே இடக்கால் செருப்புகள் கூரையைத் தொட்டன. வலக்கால் செருப்பு ஒன்றுகூட இல்லை.

நிவேதன் மரத்தடிக்கு வந்தான். பட்டியலில் இல்லாதவர்களிடம் எந்தக் குரலில் பேசுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அடுத்த அறிக்கையின் அட்டையில் சவுந்தரியின் படத்தைப் போடுவதாகச் சொன்னான்.

“பாதி மூஞ்சியவா?” என்றது வலப்பாதி.

“முழுசாவே போடலாம்க்கா. நீங்க எல்லாரும் உள்ள வந்தா போதும்.”

“எங்கள நீங்க வேலைக்கே வெக்கல. இன்னான்னு சொல்லிக் கூப்புடுவீங்கோ? என்னிய முழுசா எழுதுற வரைக்கும் யாரும் எழுந்துக்க மாட்டோம் சார்.”

தனக்கு எழுதும் அதிகாரம் இல்லை என்றான். அது உண்மைதான். ஆனால் எழுதும் கைகள் அத்தனையும் அன்று மரத்தடியில்தான் இருந்தன.

சனிக்கிழமை அவர்கள் தங்கள் அறிக்கையை எழுதினார்கள். காகிதத்தை வீணாக்காமல், கிழிந்த செருப்புப் பெட்டிகளின் உட்புறத்தில் எழுதினார்கள். பெண் தொழிலாளர்கள் இருநூற்றுப் பதினைந்து, எல்லோரும் முழுசு. அதற்குக் கீழே, முதலாளியை இதுவரை எவ்வளவு பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரு கணக்கெடுப்பும் நடந்தது. காரின் கண்ணாடி இறங்கும்போது வெளியே நீளும் கையைத்தான் பார்த்திருக்கிறோம் என்று இருநூற்றுப் பதினைந்து பேரும் உண்மையைச் சொன்னார்கள். அதையும் எழுதினார்கள். பிறகு அட்டைகளைப் பலகையில் பழைய அறிக்கையின் மேலேயே ஒட்டினார்கள். ஏழாம் பக்கத்து உறுதிமொழி இருந்ததால் அவற்றைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.

திங்கள்கிழமை அன்வர் பாய் பலகையைப் படித்தார். சவுந்தரியிடமிருந்து டோக்கனை வாங்கிக்கொண்டு வழிவிட்டார். அவள் இரண்டு பாதிகளோடும் உள்ளே நடந்தாள், பின்னால் மற்றவர்களும். பத்து மணிக்கு முதலாளியின் கார் வந்தது. கதவு திறந்து, கடிகாரம் கட்டிய ஒரு கை மட்டும் இறங்கியது. அன்வர் பாய் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் கொடுத்தார். கை தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டது. வேலையில் முதல் நாள் என்பதால் அதைத் தையல் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒரு கைக்கு ஏற்ற வேலையாக ஏதாவது கொடுக்கும்படி சவுந்தரியிடம் சொல்லப்பட்டது.