பலவீனமான கை முதலில்

மாரிச்சாமியின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றியிருந்த துணி, அனு அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. பழைய வெள்ளை லுங்கியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, முனையை உள்ளே செருகியிருந்தார்கள். கடைசிச் சுற்று தோலில் பள்ளம் போட்டிருந்தது. அதற்குக் கீழே விரல்கள் ஐந்தும் பிடிகொழுக்கட்டை மாதிரிப் பருத்து மினுங்கின. நன்றாக இருந்த இடது மணிக்கட்டிலும் ஒரு துண்டுத் துணி, பேருக்கு ஒரு சுற்று. அது எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் முன்பு இதே பாயில் உட்கார்ந்துதான் அந்தக் கை ஒரு பட்டாணியை எடுத்தது. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த கை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கி நடுங்கிச் சேர்ந்து, தட்டிலிருந்து ஒரே ஒரு பட்டாணியைத் தூக்கிவிட்டன. அலோன் படகுத்துறையில் இருபத்தெட்டு வருடம் மூட்டை சுமந்த மனிதர் ஒரு பட்டாணிக்காக அழுதார். இன்று அனு அதே தட்டை வைத்து, மடக்குங்கள் மாமா என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒரு விரலும் அசையவில்லை. அவர் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். அம்மாவின் பர்மியம்தான் வாயில் நிற்கும். எந்த நாட்டு வைத்தியன் சொன்னான், எந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், ஐந்து மாத உழைப்பைப் பதினைந்து நாளில் நாசமாக்கிவிட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி கத்தினாள். மாரிச்சாமியின் மனைவி சுப்பம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினாள். ஓரத்தில் குங்குமம் பட்டிருந்தது.

"நீங்க குடுத்ததுதான சயாமா," என்றாள், டீச்சரைப் பர்மியத்தில் கூப்பிடும் சொல்லால்.

ஆமாம், அவள் கொடுத்ததுதான். பிசியோதெரபி படித்த அனு, ஆக்குபேஷனல் தெரபியை இணையத்தில்தான் கற்றாள். அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வேலை வைத்தியம் என்று அந்தப் பெயரை முதல்நாள் கேட்டபோது, எனக்கு ஏதாவது வேலை வாங்கித் தருவீர்களா என்று மாரிச்சாமி குழறிக் குழறிக் கேட்டார். சாப்பிட, குளிக்க, பொத்தான் போடப் பழக்குவதுதான் வேலை என்று விளக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மின்சாரம் இருக்கிற நாலு மணி நேரத்தில், அரசாங்கம் போட்ட இணையத் தடையைத் தாண்ட விபிஎன் போட்டு, அவள் தேடித் தேடிச் சேர்த்த தளங்கள் முப்பத்தேழு. மேலதிகாரி அந்தப் பட்டியலை மெச்சி எல்லா ஊழியருக்கும் அனுப்பினார். அதில் ஒரு தளத்தில் மொழி மாற்றும் பொத்தான் இருந்தது. தமிழும் இருந்தது. அமுக்கினாள். பக்கம் முழுக்க அப்பாவின் மொழி எழுத்து. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முப்பது தாள் அச்செடுத்தாள். அலுவலக வைபர் குழுவில் போட்டபோது இதயங்களாக வந்து குவிந்தன.

"படிங்க அத்தை," என்றாள்.

சுப்பம்மாள் கோயில் பள்ளியில் படித்தவள். விரலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தாள்.

"கட்டுப் போடுதல். நாற்காலியில் உட்காரவும். பலவீனமான கை முதலில். முழங்கை வரை நன்றாக இழுக்கவும். தினமும் காலையில் செய்யவும். கழற்றும்போது பலமான கை முதலில்."

பலமான கையில் கழற்றுவதற்கு ஒன்றுமில்லையே என்றுதான், இடது கையிலும் அவள் ஒரு துணியைச் சுற்றியிருக்கிறாள்.

அனு கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாள். டிரெஸ்ஸிங். சட்டை போடுவதற்கும் அதுதான் சொல், புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் அதுதான். எந்த இயந்திரமோ இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரத்தின் மேல் ஆத்திரம் வந்தது. பொத்தானை வைத்தவன் மேல் வந்தது, பட்டியலை மெச்சியவர் மேல் வந்தது. எங்கே சுற்றினாலும் கடைசியில் அது அவள் மேலேயே வந்து நின்றது.

"சட்டை போடுறதுக்குச் சொன்னது அத்தை. கட்டு இல்ல. தப்பா வந்துடுச்சு."

சுப்பம்மாள் தாளைப் பார்த்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள்.

"குடுக்கறதுக்கு முந்தி நீங்க படிக்கலியா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது."

"ஆஸ்பத்திரியில எங்களுக்குன்னு தமிழ்ல ஒரு காயிதம் இதுக்கு முந்தி எவனும் குடுத்ததில்ல," என்றாள் சுப்பம்மாள். குரல் உயரவில்லை. "சாமிகிட்ட வச்சிட்டுத்தான் தெனம் கட்டுனேன். அவரு வலிக்குது வலிக்குதுன்னாரு. சயாமா எழுதியிருக்காங்க, பொறுத்துக்கன்னேன்."

மன்னிப்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அனுவுக்குத் தெரியும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதே டாக்டரிடம் போகலாம் என்றாள். மற்ற ஊழியர்களை எச்சரிக்கக் குழுவில் எழுதப் பார்த்தாள், சிக்னல் இல்லை. தாளைத் திருப்பி, இதை வாங்கிக்கொண்ட மற்றவர்களின் பெயர்களைப் பர்மிய எழுத்தில் எழுதினாள். போட்டாதாங் பேட்டையில் நாலு, க்யிம்யிண்டைங் பேட்டையில் ஏழு. பதினொரு வீடு. அங்கெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கக்கூடாது என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். வேண்டியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே போக மாரிச்சாமிக்குச் சட்டை வேண்டும். திருவிழாவுக்கு எடுத்த நீலச் சட்டையைச் சுப்பம்மாள் கொண்டுவந்தாள். வாங்குவதற்கு அனு கை நீட்டினாள். சுப்பம்மாள் கொடுக்கவில்லை.

"எந்தக் கை மொதல்ல?"

"வலது."

சுப்பம்மாள் வலது கையைச் சட்டைக்குள் விட்டு மெல்ல இழுத்தாள். சட்டைக்கையின் முனை வரை வந்த கை, விரல் கணுக்களில் மாட்டிக்கொண்டு அதற்கு மேல் வரவில்லை. மாரிச்சாமி பல்லைக் கடித்தார். சுப்பம்மாள் இழுப்பதை நிறுத்தினாள். பிறகு சட்டைக்கையின் தையலில் இரண்டு பெருவிரலையும் கொடுத்து, லுங்கியைக் கிழித்த அதே கைகளால், தோள் வரைக்கும் சரசரவென்று கிழித்தாள்.